வேதிப்பொருளின் நச்சுத்தன்மையை ஆய்வகத்தில் கணிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

முதன்முதலாக நான் தனியாகச் செய்த செல் நச்சுச் சோதனையில், சோதனைப் பொருள் போட்ட செல்கள் போடாத செல்களைவிட நன்றாக இருந்தன. உயிரோட்டம் 140 சதவீதம் என்று அளவீடு சொன்னது. சந்தோஷமாக வரைபடம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சீனியர் அக்கா வரைபடத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "மைக்ரோஸ்கோப்ல பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. அடுத்த முறை, சாயம் ஊற்றுவதற்கு முன்பே, சின்னச் சின்னக் குழிகளில் செல் வளரும் பிளேட்டை வைத்துப் பார்த்தேன். செல்கள் உருண்டு, தரையை விட்டுக் கழன்று, தூசி மாதிரி மிதந்துகொண்டிருந்தன. நான் சோதித்தது ஓர் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி. உயிருள்ள செல் செய்ய வேண்டிய வேலையை அதுவே செய்து, மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றியிருந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. எவ்வளவு ஊதா என்று கேட்டதற்குச் சரியான பதில் தந்தது. எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று கேட்டதாக நான்தான் நினைத்துக்கொண்டேன். இந்த வழிகாட்டியில் சொல்லப்போகும் ஒவ்வொரு படியிலும் இதே குழி வேறு வேறு உருவத்தில் காத்திருக்கிறது. செய்முறையோடு சேர்த்து, எங்கே விழுவோம் என்பதையும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

"இது நச்சா?" என்பது சோதிக்கக்கூடிய கேள்வியே அல்ல. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்கிறோம். 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் சொன்னதும் அதுதான். நச்சியல் வகுப்பில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கும். ஆனாலும் டோஸ் எழுதாத கேள்வியோடு சோதனை தொடங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த உறுப்புக்கு, எந்த வழியாக, எவ்வளவு, எத்தனை நாள் என்று நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். கையில் ஒருமுறை பட்டால் தோல் எரியுமா என்பதற்கு ஒரு சோதனை. பத்து வருடம் மூச்சில் போனால் புற்றுநோய் வருமா என்பதற்கு முற்றிலும் வேறு சோதனைகள், அதுவும் ஒன்றல்ல.

பழைய காலத்தில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில், விலங்கு. பாதி விலங்குகளைக் கொல்லும் டோஸ் என்ற எல்டி50 அளவை 1927ல் ட்ரெவன் கொண்டுவந்தார். மருந்துகளின் வீரியத்தை ஒப்பிட உருவான அது, பிறகு கண்ணில் பட்ட எல்லா வேதிப்பொருளுக்கும் போடும் முத்திரை ஆகிவிட்டது. அந்தப் பழைய வாய்வழிச் சோதனையை, பல நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி தன் சோதனை நெறிமுறைப் பட்டியலிலிருந்து 2002ல் நீக்கியது. இப்போதுள்ள 420, 423, 425 எண் நெறிமுறைகளுக்கு மிகக் குறைந்த விலங்குகளே போதும். மாற்று, குறைப்பு, மேம்பாடு என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959ல் வகுத்த மூன்று கொள்கைகள்தான் இதற்கெல்லாம் வேர்.

விலங்கு கொடுக்கும் பதிலும் தவறாகலாம். பெல்லடோனா என்ற நச்சுச்செடியின் இலையைத் தின்றுவிட்டுப் பல முயல்கள் ஒன்றும் ஆகாமல் திரியும். அதிலுள்ள அட்ரோபினைச் சிதைக்கும் நொதி அவற்றிடம் உண்டு, நம்மிடம் இல்லை. 2006ல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆறு தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். குரங்குகள் அதைப்போல் 500 மடங்கு டோஸைத் தாங்கியிருந்தன. ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். மருந்து ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு மனிதனின் ஒரு வகை டி செல்லில் (நோய் எதிர்ப்புச் செல்) இருந்தது, அந்தக் குரங்கின் அதே வகை டி செல்லில் இல்லை.

படி 2: செல்லைத் தொடுவதற்கு முன் பொருளைப் படியுங்கள்

இங்கே இரண்டு நாள் செலவழித்தால் பின்னால் இரண்டு மாதம் மிச்சம்.

முதலில் கணினி. மூலக்கூறு அமைப்பை வரைந்து, அதில் எச்சரிக்கைக் குறிகள் உண்டா என்று பாருங்கள். நைட்ரோ தொங்கும் நறுமண வளையம், எபாக்சைடு, நறுமண அமீன் போன்றவை டிஎன்ஏவைத் தாக்கக்கூடியவை என்று பெயர் வாங்கியவை. அமைப்பைப் பார்த்து நச்சைக் கணிக்கும் மென்பொருளாக ஓஇசிடி வெளியிட்டுள்ள கியூசார் டூல்பாக்ஸ் இலவசம். மருந்துகளில் கலந்துவிடும் அசுத்தங்களுக்கான ஐசிஎச் எம்7 என்ற சர்வதேச நெறிமுறை, நிபுணர் விதிகளில் இயங்கும் ஒரு மாடல், புள்ளியியலில் இயங்கும் ஒரு மாடல் என இரண்டையும் கேட்கிறது. ஒன்றின் குருட்டுப்புள்ளியை மற்றொன்று பார்க்கும் என்பது ஏற்பாடு. உங்கள் மூலக்கூறு மாதிரி எதையும் அந்த மாடல் முன்பு பார்த்ததில்லை என்றால், அது தரும் "பாதுகாப்பானது" என்ற பதிலுக்கு மதிப்பில்லை.

பிறகு பௌதிகக் குணங்கள். தண்ணீரில் கரையுமா? 37 டிகிரியில் ஆவியாகுமா? நீர்பட்டுச் சிதையுமா? பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளுமா? கொழுப்பில் கரையும் பொருள் என்றால், குழியில் போட்டதில் பெரும்பகுதி பிளேட்டின் சுவரிலும் வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தின் புரதத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஆவியாகும் பொருள் பக்கத்துக் குழிக்கே பயணம் போகும். குறிப்பேட்டில் செறிவு 100 மைக்ரோமோலார் என்று எழுதுவோம். செல் பார்த்தது பத்தாக இருக்கலாம்.

கரைப்பான் பெரும்பாலும் டிஎம்எஸ்ஓ. இறுதிச் செறிவில் அது 0.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், 0.1 என்றால் இன்னும் நல்லது. எல்லாக் குழியிலும் அது ஒரே அளவு இருக்க வேண்டும். மேல் செறிவுக் குழியில் வீழ்படிவு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். படிகங்கள் செல்மேல் உட்கார்ந்து கொன்றால் அது வேறு கதை.

படி 3: யாரிடம் கேட்பது? செல் தேர்வு

ஹெப்ஜி2 கல்லீரல் புற்றுநோய்ச் செல் எல்லா இடத்திலும் கிடைக்கும், களை மாதிரி வளரும். ஆனால் கல்லீரலின் முக்கியமான வேலை அதற்குக் கிட்டத்தட்ட மறந்துபோய்விட்டது. மருந்துகளை மாற்றியமைக்கும் சைட்டோக்ரோம் பி450 நொதிகள் அதில் மிகக் குறைவு. பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலைக் கெடுப்பது பாராசிட்டமால் அல்ல, அந்த நொதிகள் அதிலிருந்து செய்யும் நாப்கி என்ற இடைப்பொருள். அது செல்லைக் காக்கும் குளூட்டாதயோன் இருப்பைக் காலி செய்த பிறகு செல் புரதங்களில் பாய்கிறது. நொதி இல்லாத செல்லிடம் கேட்டால் பாராசிட்டமால் சாது என்றே சொல்லும்.

டெர்ஃபெனடைன் கதை இதற்கு நேர் எதிர். அந்த ஒவ்வாமை மாத்திரையில் இதயத்துக்கு ஆபத்தானது மூலமருந்து. கல்லீரல் அதை உடனே பாதுகாப்பான ஒன்றாக மாற்றிவிடும். பூஞ்சைக்கான கீட்டோகொனசோலைச் சேர்த்து எடுத்தவர்களுக்கு அந்த மாற்றம் தடைபட்டது, இதயத் துடிப்பு குலைந்தது. 1990களின் இறுதியில் மருந்து சந்தையைவிட்டுப் போனது.

ஆகவே கல்லீரல் பற்றிய கேள்வி என்றால் மனிதக் கல்லீரல் செல்களான ஹெப்பட்டோசைட்டுகளோ, அந்த நொதிகளைத் தக்கவைத்திருக்கும் ஹெப்பாஆர்ஜி செல்களோ வேண்டும். வெறும் அடிப்படை நச்சுத்தன்மை போதும் என்றால் 3டி3 எலி நார்செல்லே போதும். எதை வாங்கினாலும் அது அதுதானா என்று டிஎன்ஏ அடையாளம் பார்க்கும் எஸ்டிஆர் சோதனை செய்யுங்கள். வேறு பெயரில் வளர்ந்த ஹீலா என்ற புற்றுநோய்ச் செல்களை வைத்து எத்தனையோ ஆய்வுகள் வெளிவந்திருக்கின்றன. மைக்கோபிளாஸ்மா என்ற மிகச்சிறிய பாக்டீரியாவின் தொற்றுச் சோதனையும் கட்டாயம். அது சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, ஊடகத்தைக் கலங்கச் செய்யாது, முடிவுகளை மட்டும் கெடுக்கும்.

படி 4: செல் சாவு சோதனை

மோஸ்மன் 1983ல் வெளியிட்ட எம்டிடி முறைதான் நான் வழுக்கி விழுந்தது. உயிருள்ள செல்லின் நொதிகள் மஞ்சள் எம்டிடியை ஊதா ஃபார்மசானாக மாற்றும், ஊதாவின் அடர்த்தியை அளப்போம்.

முதல் நாள், 96 குழிப் பிளேட்டில் குழிக்கு சுமார் 10,000 செல்கள், 100 மைக்ரோலிட்டர் ஊடகத்தில். வெளி ஓரத்து 36 குழிகளில் செல் வேண்டாம், வெறும் பஃபர் கரைசல் ஊற்றிவிடுங்கள். ஓரக் குழிகள் வேகமாகக் காயும். அங்கே செல் சாவது பெரும்பாலும் உப்புச்செறிவு ஏறியதால். நிரப்பிய பிளேட்டை உடனே இன்குபேட்டருக்குள் தள்ளாமல், அறை வெப்பத்தில் பத்து இருபது நிமிடம் அசையாமல் வையுங்கள். செல்கள் சீராகப் படியும், இல்லாவிட்டால் குழியின் ஓரமாக ஒதுங்கிவிடும். பிறகு 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 24 மணி நேரம்.

இரண்டாம் நாள் டோஸ். முதல் ஓட்டத்தில் பத்துப் பத்து மடங்காக இறங்கி, எங்கே சாவு தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். அடுத்த ஓட்டத்தில் அந்தப் பகுதியை மட்டும் நெருக்கமாக, 3.16 மடங்கு அல்லது அதற்கும் குறைவான இடைவெளியில் எட்டுச் செறிவுகள். ஒப்பிட்டுப் பார்க்கக் கன்ட்ரோல்கள் ஐந்து வேண்டும்: ஒன்றும் போடாத செல், கரைப்பான் மட்டும் போட்ட செல், சோடியம் லாரில் சல்ஃபேட் மாதிரி கட்டாயம் கொல்லும் ஒரு பொருள் போட்ட செல், செல் இல்லாத வெறும் ஊடகம், ஐந்தாவது, செல் இல்லாமல் சோதனைப் பொருளும் எம்டிடியும் மட்டும். இந்த ஐந்தாவதை நான் போடவில்லை. போட்டிருந்தால் அன்றைக்கே குழி ஊதாவாகிக் குட்டு உடைந்திருக்கும்.

மூன்றாம் நாள், முதலில் மைக்ரோஸ்கோப். ஒவ்வொரு செறிவிலும் செல் எப்படி இருக்கிறது என்று நான்கு வார்த்தை எழுதுங்கள்: ஒட்டியிருக்கிறது, சுருங்குகிறது, குமிழ் விடுகிறது, மிதக்கிறது. அதன் பிறகு மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எம்டிடி, மூன்று மணி நேரம். ஊடகத்தை மெதுவாக உறிஞ்சி எடுங்கள். பிப்பெட் நுனி அடித்தரையைத் தொட்டால் ஊதாப் படிகங்களும் சேர்ந்து போய்விடும். கைப்பழக்கம் வேண்டிய இடம் இதுதான். டிஎம்எஸ்ஓவில் கரைத்து, ஆட்டி, 570 நானோமீட்டரில் அளவெடுங்கள்.

வெற்றுக் குழியின் அளவைக் கழித்து, கரைப்பான் கன்ட்ரோலை 100 என்று வைத்துச் சதவீதம் போட்டால் எஸ் வடிவ வளைவு வரும். பாதிக்கு இறங்கும் இடம் ஐசி50. வளைவு 60 சதவீதத்திலேயே நின்றுவிட்டால் மென்பொருள் அப்போதும் ஓர் ஐசி50 எண்ணைத் துப்பும். அதை எழுதாதீர்கள், "சோதித்த உச்சச் செறிவைவிட அதிகம்" என்று எழுதுங்கள். ஒரே பிளேட்டின் ஆறு குழிகள் ஆறு சோதனைகள் ஆகா. வேறு வேறு நாளில், வேறு செல் தொகுதியில் மூன்று முறை செய்தால்தான் மூன்று.

எம்டிடியோடு நிறுத்தவும் வேண்டாம். லைசோசோமில் சாயம் தங்குகிறதா என்று பார்க்கும் நியூட்ரல் ரெட், உடைந்த செல்லிலிருந்து கசியும் எல்டிஎச் நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் அளவு என்று இன்னொரு வழியில் உறுதிசெய்யுங்கள். இரண்டும் முரண்பட்டால் அதை ஒதுக்காதீர்கள், விஷயமே பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படி 5: டிஎன்ஏவைத் தொடுகிறதா? ஏம்ஸ் சோதனை

செல்லைக் கொல்லாத பொருள் அதன் மரபணுவை மாற்றலாம். புரூஸ் ஏம்ஸ் 1970களில் உருவாக்கிய சோதனை என்னைப் பொறுத்தவரை நச்சியலின் அழகான யோசனைகளில் ஒன்று. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி மரபணு கெட்ட சால்மோனெல்லாவை, ஹிஸ்டிடின் அநேகமாக இல்லாத தட்டில் பரப்புகிறோம். அவை வளர முடியாது. சோதனைப் பொருள் சடுதிமாற்றம் உண்டாக்கினால், சில பாக்டீரியாக்களில் கெட்ட மரபணு தற்செயலாகச் சீராகும். அவை மட்டும் காலனியாக எழும். காலனியை எண்ணினால் போதும்.

ஓஇசிடி 471 நெறிமுறைப்படி ஐந்து பாக்டீரியா வகைகள் வேண்டும். டிஏ98 எழுத்து நழுவும் பிழைகளைப் பிடிக்கும், டிஏ100 எழுத்து மாறும் பிழைகளைப் பிடிக்கும். இரவு முழுதும் வளர்த்த பாக்டீரியா 0.1 மில்லிலிட்டர், சோதனைக் கரைசல், எலிக் கல்லீரலிலிருந்து எடுத்த எஸ்9 கலவை மூன்றையும் 45 டிகிரியில் உருகியிருக்கும் 2 மில்லிலிட்டர் மேல் அகாரில் கலந்து தட்டில் ஊற்றுங்கள். அகார் இறுகுவதற்கு முன் கைச்சுழற்றில் பரவ வேண்டும். 37 டிகிரியில் 48 முதல் 72 மணி நேரம். குறைந்தது ஐந்து செறிவுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டுகள், எஸ்9 சேர்த்து ஒரு தொகுப்பு, சேர்க்காமல் ஒரு தொகுப்பு. உச்சம் தட்டுக்கு 5 மில்லிகிராம்.

பாக்டீரியாவிடம் கல்லீரல் இல்லை. அந்தக் குறையைத்தான் எஸ்9 நிரப்புகிறது. புகையில் உள்ள பென்சோபைரீன் எஸ்9 இல்லாத தட்டில் நல்லபிள்ளை. சேர்த்தால் காலனிகள் எழும்.

எண்ணும்போது வெறும் கண்ணோடு நிற்காதீர்கள். தட்டில் கொஞ்சம் ஹிஸ்டிடின் இருப்பதால், சீராகாத பாக்டீரியாக்களும் சில முறை பிரிந்து மெல்லிய பின்னணிப் படலமாக நிற்கும். அந்தப் படலம் அழிந்திருந்தால் பொருள் பாக்டீரியாவையே கொல்கிறது. அப்போது பிழைத்த சிலவற்றுக்கு அதிக ஹிஸ்டிடின் பங்கு கிடைத்து, ஊசிமுனை அளவு குட்டிக் காலனிகள் நிறையத் தெரியும். அவை சடுதிமாற்றம் அல்ல, புதியவர்கள் அவற்றையும் எண்ணிவிடுவார்கள். டிஏ98, டிஏ100ல் கன்ட்ரோலைப் போல் இருமடங்கு, டோஸ் ஏற ஏற எண்ணிக்கையும் ஏற்றம், திரும்பச் செய்தாலும் அதே கதை என்றால் பாசிட்டிவ்.

1975ல் ஏம்ஸ் குழு 174 புற்றுநோய்க் காரணிகளைச் சோதித்து 156ஐப் பிடித்ததாக அறிவித்தது. வகை வகையான பொருள்களைச் சோதிக்கச் சோதிக்க அந்த விகிதம் இறங்கியது. கல்நாரும் ஹார்மோன்களும் இந்தத் தட்டில் அகப்படாமல் வேறு வழியில் புற்றுநோயை வளர்ப்பவை. அதனால்தான் கூடவே மனித அல்லது பாலூட்டிச் செல்களில் நுண்கரு சோதனையும் செய்கிறோம். குரோமோசோம் உடைந்தாலோ பிரிவின்போது வழி தவறினாலோ, செல்லின் ஓரத்தில் குட்டிக் கரு ஒன்று தனியாக நிற்கும்.

படி 6: தோல், கண், ஒவ்வாமை, மீன்

இவற்றுக்கு நெறிமுறைகள் தயாராகவே இருக்கின்றன. முயலின் கண்ணில் போட்டுப் பார்க்கும் 1944ஆம் ஆண்டு டிரெய்ஸ் சோதனைக்குப் பதிலாக, இப்போது மனிதச் செல்லால் வளர்த்த விழிவெண்படலத் திசுவும் இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் மாட்டுக்கண்ணும் உதவுகின்றன. தோலுக்கு 439 நெறிமுறை: வளர்த்த மனித மேல்தோலில் பொருளைத் தடவி, கழுவி, காத்திருந்து, உயிரோட்டம் 50 சதவீதமோ அதற்குக் கீழோ வந்தால் எரிச்சலூட்டி. உயிரோட்டத்தை அளப்பது எதால்? அதே எம்டிடி. அதனால்தான் அந்த நெறிமுறை, எம்டிடியை நேரடியாக நிறம் மாற்றும் பொருள்களுக்கு ஏற்கெனவே கொன்ற திசுவில் ஒரு கன்ட்ரோல் வைக்கச் சொல்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். என்னைப்போல் பலர் விழுந்திருக்கிறார்கள்.

தோல் ஒவ்வாமைக்கு ஒரே சோதனை போதாது. பொருள் புரதத்தோடு ஒட்டுகிறதா, தோல் செல் விழித்துக்கொள்கிறதா, நோய் எதிர்ப்புச் செல் கொடி தூக்குகிறதா என்று மூன்று சோதனைகள்; இரண்டு ஒத்துப்போனால் அதுவே முடிவு. ஓஇசிடி இதை 2021ல் 497 எண் வழிகாட்டுதலாக ஏற்றது.

இதயத்துக்கு, செல்லில் துடிப்பைச் சீராக வைக்கும் ஹெர்க் பொட்டாசியம் வாயிலைப் பொருள் அடைக்கிறதா என்று பாருங்கள், டெர்ஃபெனடைன் மாட்டியது அங்கேதான். நீர்வாழ் உயிர்களுக்கு 236 நெறிமுறை: வரிக்குதிரை மீன் முட்டைகள் செறிவுக்கு இருபது, 96 மணி நேரம். கரு வெளுத்து உறைந்திருக்கிறதா, உடற்கண்டங்கள் உருவாகவில்லையா, வால் பிரியவில்லையா, இதயம் துடிக்கவில்லையா என்ற நான்கில் ஒன்று தெரிந்தாலும் சாவு என்று கணக்கு.

படி 7: குழியிலிருந்து உடலுக்கு

பெரும்பாலான அறிக்கைகள் ஐசி50 எழுதியதும் நின்றுவிடுகின்றன. கணிப்பு தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

கணக்குக்காக இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஐசி50 50 மைக்ரோமோலார், இரண்டும் ரத்தத்தில் எட்டும் உச்சம் 1 மைக்ரோமோலார். இரண்டுக்கும் இடைவெளி 50 மடங்கு என்று தோன்றும். முதல் பொருள் ரத்தத்தில் 99 சதவீதம் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது, செல்லுக்குக் கிடைக்கும் சுதந்திர அளவு 0.01. சீரம் குறைந்த ஊடகத்தில் அதில் பத்து சதவீதம் சுதந்திரம், அதாவது 5. உண்மை இடைவெளி 500 மடங்கு. இரண்டாம் பொருள் ஆவியாகியும் பிளாஸ்டிக்கில் ஒட்டியும் குழியில் பத்தில் ஒரு பங்கே மிஞ்சியது, 5. அதில் 80 சதவீதம் சுதந்திரம், 4. ரத்தத்தில் பாதி சுதந்திரம், 0.5. இடைவெளி வெறும் 8 மடங்கு. ஒரே ஐசி50, ஆனால் ஒன்றை மேற்கொண்டு எடுத்துப் போகலாம், மற்றதை உடனே நிறுத்தி யோசிக்க வேண்டும். முடிந்தால் குழியின் ஊடகத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்து, உண்மையில் எவ்வளவு இருந்தது என்று அளந்துவிடுங்கள்.

குழிக்குள் சூழலும் உடல்போல் இல்லை. என் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிக்கு இங்கே இன்னொரு அத்தியாயம் உண்டு. செல்கள் உண்மையாகவே செத்தன என்று நியூட்ரல் ரெட்டிலும் உறுதிசெய்துவிட்டு, நச்சு என்று எழுதத் தயாரானேன். அக்கா கேட்டலேஸ் நொதியைக் கொஞ்சம் சேர்த்து மறுபடி ஓட்டச் சொன்னார். செல்கள் பிழைத்துக்கொண்டன. இந்த வகைப் பொருள்கள் ஊடகத்தில், காற்றின் ஆக்சிஜனோடு தாமே வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். கொன்றது அதுதான், கேட்டலேஸ் சிதைப்பதும் அதைத்தான். இன்குபேட்டர் காற்றில் ஆக்சிஜன் சுமார் 20 சதவீதம். திசுவுக்குள் அதைவிட மிகக் குறைவு, போதாததற்கு ரத்தச் சிவப்பணு ஒவ்வொன்றிலும் கேட்டலேஸ் இருக்கிறது. நான் கண்டுபிடித்தது பொருளின் நச்சை அல்ல, என் ஊடகத்தின் வேதியியலை.

படி 8: அறிக்கை

பொருளின் தொகுதி எண், தூய்மை, செல்லின் பாசேஜ் எண் (எத்தனை முறை பிரித்து வளர்த்தது), சீரத்தின் சதவீதம், ஒவ்வொரு பிளேட்டின் மூல அளவுகள், தோல்வியடைந்த ஓட்டங்கள், அவற்றை ஏன் ஒதுக்கினீர்கள் என்பது எல்லாம் உள்ளே போக வேண்டும். எந்த உறுப்பைச் சோதிக்கவில்லை, எந்த வழியைச் சோதிக்கவில்லை என்று தனிப் பத்தி எழுதுங்கள். படிப்பவர் கேள்வியும் உங்கள் கேள்வியும் வேறாக இருக்கலாம்.

அந்தப் பொருளுக்கு நாங்கள் கடைசியில் எழுதிக் கொடுத்த வரி இது: "24 மணி நேரத்தில், இந்த ஊடகத்தில், பெராக்சைடை நீக்கிய பிறகு, சோதித்த செறிவுகளில் ஹெப்ஜி2 செல்களைக் கொல்லவில்லை, கல்லீரலில் மாறிய பிறகு என்ன செய்யும் என்று சோதிக்கப்படவில்லை." அடுத்த வாரம் ஹெப்பட்டோசைட்டுகளுக்கு ஆர்டர் போட்டோம்.